பிளவுஸ் வாங்கும்போது உள்பக்கத்தையும் திருப்பிப் பாருங்க

போன மாசம் மேலப்பாளையத்துல இருந்து ஒரு அக்கா கல்யாண பிளவுஸைத் தூக்கிட்டு வந்தாங்க. பிளவுஸ் கையில ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால போடுற பூ வேலை, அதுல கொடி மாதிரி ஓடுற சங்கிலித் தையல் ஒரு சாண் நீளத்துக்கு உருவிக்கிட்டு வந்து வெறும் ஊசி ஓட்டை மட்டும் வரிசையா தெரியுது. வளையல்ல மாட்டுச்சாம், நூலைப் பிடிச்சு இழுத்துருக்காங்க, அவ்வளவுதான்.

சங்கிலித் தையலோட குணமே அதுதாங்க. ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம்தான் பிடிச்சு நிறுத்துது, கடைசி வளையத்தைப் பிடிக்க ஆளே கிடையாது, அதுக்கு மேல நாமதான் குட்டியா ஒரு தையல் போட்டுப் பூட்டி, உள்பக்கம் முடிச்சும் போடணும். அவசரத்துல அதை விட்டா நுனியில இருந்து மொத்தமும் வந்துரும். இது ஆரி ஊசிக்கும் சாதா ஊசிக்கும் ஒண்ணுதான்.

பாளையங்கோட்டையில இத்தனை வருசமா கத்துக் குடுக்குதேன், எல்லாரும் டிசைனைத்தான் கேக்காங்க, எந்த இடத்துல உரசும், எத்தனை தடவை துவைப்பீங்கன்னு பேச்சே வரமாட்டேங்கு. நூலை நெருக்கி நெருக்கிப் போட்டு நிரப்புற சாட்டின் தையல் பளபளன்னு அழகுதான், ஆனா பெரிய இலையை ஒரே இழுப்புல நிரப்புனா நூல் மேல தொங்கிக்கிட்டு நிக்கும், எதுலயாவது மாட்டத்தான் செய்யும். நடு நரம்புல ரெண்டா பிரிச்சுப் போடுங்க, இல்ல நீளமும் குட்டையுமா மாத்தி மாத்தி நிரப்புற லாங் அண்ட் ஷார்ட் தையல் போடுங்க. கொடி, காம்புக்கு கயிறு முறுக்குன மாதிரி வர்ற காம்புத் தையல், எழுத்துக்கு இடைவெளி விடாம பின்னால வந்து வந்து போடுற பேக் ஸ்டிச், ஒட்டுத்துணி ஓரத்துக்கு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுப் போற பிளாங்கெட் ஸ்டிச். கை எம்பிராய்டரிக்குன்னு விக்கிற பருத்தி நூல்ல 6 இழை இருக்கும், மெல்லிசு கோட்டுக்கு 2 போதும்.

பச்சப்புள்ள சட்டைன்னா ரொம்பக் கவனம். மேல பூ மெத்துன்னு இருக்கும், உள்ள முடிச்சு அந்தப் பிஞ்சுத் தோலை உரசிக்கிட்டே கிடக்கும். உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணி வச்சுத் தைங்க, மணி, கல் வேண்டவே வேண்டாம், பிய்ச்சு வாயில போட்டுரும். சிவப்பு நூலை முதல்ல நனைச்சு வெள்ளைத் துணியில அழுத்திப் பாத்துருங்க, சாயம் போச்சுன்னா சட்டையே போச்சு.

இடையன்குடியில கால்டுவெல் ஐயரோட மனைவி எலைசா அம்மா பொண்ணுங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் குடுத்த சீமை இது, இன்னைக்கும் எத்தனையோ வீட்டுல ஊசியில வர்ற காசுதான் பிள்ளைங்க ஃபீஸ். அதனால ஒரு வேலை பிரிஞ்சு வந்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்கு.

அந்த அக்கா பிளவுஸை பழைய ஓட்டையிலயே ஊசி விட்டு ரெண்டு ராத்திரில திரும்பப் போட்டுக் குடுத்தோம், கடைசி வளையத்தை அவங்க கண்ணு முன்னாலதான் பூட்டுனேன்.