அட்வைஸுக்கு முன்னால் 'அன்' வராது

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலை மனு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி எழுதி வந்த கடிதத்தில் 'ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ வொர்க்' என்று இருந்தது. வட்டம் போட்டேன். "ஒரு வேலைதானே தேடுறேன் டீச்சர், 'எ' போடணும்தானே?" என்றார்.

நியாயமான கேள்வி. தமிழில் வேலையை எண்ணலாம். ஆங்கிலத்தில் 'ஜாப்' என்றால் எண்ணலாம், இந்தப் பொருளில் 'வொர்க்' என்றால் எண்ண முடியாது. 'எ வொர்க்' என்றால் ஓவியம், நூல் மாதிரி ஒரு படைப்பு என்று பொருளே மாறிவிடும்.

அரிசி, தண்ணீர் என்றால் யாரும் தடுமாறுவதில்லை. 'ஒரு அரிசி வாங்கிட்டு வா' என்று நாமும் சொல்ல மாட்டோம். ஒரு கிலோ, ஒரு பிடி என்று அளவு சேர்ப்போம். ஆனால் நாம் தாராளமாக எண்ணுகிற அறிவுரை, தகவல், மேசை நாற்காலி, வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் ஆங்கிலம் அரிசிக் குவியலாகவே பார்க்கிறது. அதனால் அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், ஹோம்வொர்க் ஆகியவற்றுக்கு முன்னால் 'எ', 'அன்' வராது. பின்னால் 'ஸ்' சேர்ப்பதும் இதே தவறுதான். 'எக்விப்மெண்ட்ஸ்' என்று எழுதிய மனுக்களைத் திருத்தித் திருத்தி எனக்குக் கை வலிக்கிறது.

ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டுமானால்? மலாய் படித்த நமக்கு இது புதிதல்ல. ஒரு பென்சிலுக்கு 'சபாத்தாங்', ஒரு சட்டைக்கு 'சஹெலாய்' என்று பொருளுக்கேற்ற எண்ணும் சொல்லைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது போலத்தான் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'எ லோஃப் ஆஃப் பிரெட்'. மாணவர்களுக்கு இதைச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். சும்மா 'சம்' போட்டாலும் சரிதான்.

மனுவில் அதிகம் கெடுவது 'எக்ஸ்பீரியன்ஸ்'. மறக்க முடியாத ஒரு நிகழ்வு என்றால் 'அன் எக்ஸ்பீரியன்ஸ்' சரி. வேலை அனுபவம் என்றால் 'அன்' கூடாது: 'ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்றே எழுதுங்கள்.

அப்புறம், 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் தமிழ்' சரி, 'எ குட் அட்வைஸ்' தப்பு. இதை விதி வைத்துப் பிடிக்க முடியாது. மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' அல்லது 'யு' என்று சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். 'சி' எண்ணக்கூடியது, 'யு' எண்ண முடியாதது. மனுவை அனுப்புவதற்கு முன் சந்தேகப்படும் சொல்லுக்கு அந்த எழுத்தைப் பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.