முந்து இழை எது, பிந்து இழை எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஆறாம் படிவத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகளிடம் டி.என்.ஏ. இரட்டிப்பை, அதாவது ஒரு டி.என்.ஏ. இரண்டாகப் பிரதியாவதை, வரையச் சொன்னால் படம் சரியாகவே வரும். இழைகளுக்குப் பெயர் எழுதும்போதுதான் இடறுகிறது. முந்து இழை, பிந்து இழை என்ற பெயர்களைப் பழைய இழைகளின் மேல் எழுதிவிடுகிறார்கள். அவை புதிதாக வளரும் இழைகளின் பெயர்கள். பழையவை இரண்டும் தாய் இழைகள். இரட்டிப்பின்போது இரண்டுமே வார்ப்பு இழைகள்தாம், அதாவது புது இழை உருவாக அச்சாக இருப்பவை.

குழப்பத்தின் வேர் டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியின் பிடிவாதம். ஒவ்வொரு இழைக்கும் ஒரு முனை 5′, மறுமுனை 3′. புது இழையின் 3′ முனையில் மட்டுமே அது இழையின் அலகான நியூக்ளியோடைடைச் சேர்க்கும். பால் வெட்டியவர்களுக்குத் தெரியும், ரப்பர் மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும், மாற்றி வெட்டுவதில்லை. பாலிமரேஸுக்கும் ஒரே திசைதான்: 5′-இலிருந்து 3′ நோக்கி. தாய் இழைகளோ எதிரெதிராக ஓடுகின்றன.

ஹெலிகேஸ் என்ற நொதி தாய் இழைகள் இரண்டையும் பிரித்துக்கொண்டு போகும் இடம் கவை. பிரிந்த வால்களைப் பாருங்கள். வால் நுனியில் 3′ உள்ள தாய் இழைக்கு எதிரே புது இழை கவையை நோக்கித் தடையில்லாமல் வளரும். அது முந்து இழை. வால் நுனியில் 5′ இருந்தால், எதிரே வளர்வது கவைக்கு முதுகு காட்டியே வளர வேண்டும். கவை மேலும் திறக்கத் திறக்க, புதிய ஆர்.என்.ஏ. பிரைமர் (தொடக்கத்துக்கான சிறு துண்டு) போட்டு மறுபடி தொடங்க வேண்டும். இப்படித் துண்டு துண்டாக உருவாவது பிந்து இழை. 1960-களில் ஜப்பானின் நகோயாவில் இதைக் கண்டறிந்த ரெய்ஜி, சுனெகோ ஒகசாகி தம்பதியின் பெயரே துண்டுகளுக்கும். பாக்டீரியாவில் ஒரு துண்டு 1,000 முதல் 2,000 நியூக்ளியோடைடு நீளம்; மனித செல்லில் 100 முதல் 200 வரைதான். பிறகு பிரைமர்கள் நீக்கப்பட்டு, அந்த இடம் டி.என்.ஏ.வால் நிரம்பும், லைகேஸ் என்ற நொதி இடைவெட்டுகளை ஒட்டும். கவைக்கு மிக அருகில் இருப்பதே கடைசியாக உருவான துண்டு. வரிசையைத் தலைகீழாக எண்ணுவதில்தான் பலருக்கு மதிப்பெண் போகிறது.

டி.என்.ஏ.வின் நடுவே திறக்கும் இரட்டிப்புக் குமிழில் இரண்டு கவைகள் உண்டு. ஒரே தாய் இழை வலது கவையில் முந்து இழைக்கும், இடது கவையில் பிந்து இழைக்கும் வார்ப்பாகிறது. எனவே பாதிப் படத்தைக் கையால் மறைத்து, தெரியும் கவைக்கு முதலில் அம்புக்குறி போட்டுவிட்டுப் பெயர் எழுதுங்கள்.

‘குறியீட்டு இழை’ என்ற சொல்லை இந்தப் படத்தில் எழுதவே வேண்டாம். அது டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாகும் படியெடுத்தலுக்கு உரியது. அங்கே ஒரு மரபணுவுக்கு ஒரு வார்ப்பு இழைதான்: 3′-டிஏசி-5′ வார்ப்பானால் ஆர்.என்.ஏ.வில் 5′-ஏயூஜி-3′ வரும். எதிரே உள்ள 5′-ஏடிஜி-3′ குறியீட்டு இழை.