ரெஸ்யூமில் மறைத்த மூன்று வருடம்

போன வருடம் ஒரு பையனுக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டு நானே அதை ரத்து செய்ய வேண்டிவந்தது. பதினான்கு வருடமாகச் சென்னையில் எச்.ஆர். வேலையில் இருக்கிறேன், எனக்கு இது புதிதில்லை, ஆனாலும் அந்த ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது.

ரெஸ்யூமில் மூன்று வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் அனுபவம் என்று போட்டிருந்தான். இன்டர்வியூவில் நன்றாகவே பேசினான். சேர்வதற்கு முன் சரிபார்க்கும்போது பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்டோம். பி.எஃப்.பில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற யூ.ஏ.என். என்கிற அந்த 12 இலக்க எண், எத்தனை வேலை மாறினாலும் ஒன்றுதான். எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்று அதில் வரிசையாக நிற்கும். அவன் சொன்ன கம்பெனி அதில் இல்லை. அந்த மூன்று வருடமும் ஒரு ஜவுளிக்கடையின் பெயர்தான் இருந்தது. கூப்பிட்டு விசாரித்தால், குடோனில் ஸ்டாக் கணக்கு பார்த்திருக்கிறான், கடையின் பில்லிங் சாஃப்ட்வேரில் கணக்கு உதைக்கிற இடங்களையெல்லாம் கண்டுபிடித்து, அதைச் செய்து கொடுத்தவர்களுக்கு எழுதி அனுப்பியதும் இவன்தான். அடப்பாவி, அதுதானே டெஸ்டிங்! அதை அப்படியே எழுதியிருந்தால் ஃப்ரெஷர் சம்பளத்திலாவது எடுத்திருப்போம். அதை மறைத்துவிட்டு, கடன் வாங்கி ஒரு கன்சல்டன்சிக்குப் பணம் கட்டிப் பொய் அனுபவச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான்.

“ஜவுளிக்கடையில இருந்தேன்னு சொன்னா கூப்பிடவே மாட்டாங்க மேடம்” என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. இடையில் கேப் இருந்தாலோ, டிகிரிக்குச் சம்பந்தமில்லாத வேலை இருந்தாலோ ரெஸ்யூமை ஓரமாகத் தள்ளிவிடுகிற ஆட்கள் எங்கள் தொழிலில் உண்டு, அது எங்கள் தப்பு. ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு இப்போது ரொம்ப தூரம் போக முடியாது. பே ஸ்லிப்பைக் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம், வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்தில் யார் உங்கள் சம்பளத்தில் வரி பிடித்தார்கள் என்பதை யாராலும் செய்ய முடியாது.

அதனால் கேப் இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். டி.என்.பி.எஸ்.சி.க்கு இரண்டு வருடம் படித்தேன், குரூப் 2 மெயின்ஸ் வரை போனேன் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயமா? அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டேன், குழந்தை பிறந்தது, இதெல்லாமும் அப்படித்தான். ரெஸ்யூம் இரண்டு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், கடைசியில் “மேற்கண்டவை அனைத்தும் உண்மை” என்கிற உறுதிமொழி, எதுவும் வேண்டாம். எழுதிய ஒவ்வொரு வரியைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று பாருங்கள், முடியாததை அடித்துவிடுங்கள்.

இன்டர்வியூவுக்கு மனப்பாடம் செய்த “செல்ஃப் இன்ட்ரோ” எனக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், சரி, ஆனால் அதோடு நிறுத்தாமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சம்பளம் பேசும்போது ஆறு லட்சத்தை 12-ஆல் வகுத்து மாதம் ஐம்பதாயிரம் என்று வீட்டில் சொல்லிவிட வேண்டாம். நிறுவனம் கட்டுகிற பி.எஃப்., கிராஜுவிட்டி, கிடைத்தால் கிடைக்கும் என்கிற வேரியபிள், எல்லாம் அந்த ஆறு லட்சத்துக்குள்தான் இருக்கும். கையில் எவ்வளவு வரும் என்று நேராகவே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நேர்மை உங்களுக்கு மட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆரம்பத்தில் நான் இருந்த ஓர் இடத்தில், வீடு வீடாகப் போய் விற்கிற வேலையை “மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்” என்று சொல்லி ஆள் எடுக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் சொன்னேன். டை கட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள் நான்காவது நாளே காணாமல் போனார்கள். அதை வைத்துத்தான் சொல்கிறேன், உங்களிடம் கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டால் “இல்லை சார்” என்று எழுந்துவிடாதீர்கள். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள், பதிலைவிட எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள்.

எதற்குச் சம்மதிக்க மாட்டீர்கள் என்பதையும் கையில் காசு இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தபிறகு எதற்கும் தலையாட்டத் தோன்றும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவைக்க மாட்டேன், வேலைக்குச் சேரப் பணம் கட்ட மாட்டேன், குறைந்தது இந்த இரண்டும் இருக்கட்டும்.

அப்புறம் நம் ஊர் இனிஷியல் பிரச்சினை. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், பான் கார்டில் வேறொரு வரிசை. வேலை தேடும் முன்பே உட்கார்ந்து இதைச் சரிசெய்யுங்கள். அப்படியே பி.எஃப். தளத்தில் நீங்கள் விலகிய தேதியை உங்கள் பழைய கம்பெனி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாவிட்டால், விலகி இரண்டு மாதம் கழித்து நீங்களே போடலாம். அந்தத் தேதி காலியாக இருந்ததால், இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறாரோ என்று சந்தேகப்பட்டு, ஒரு பெண்ணை நாங்கள் மூன்று வாரம் காக்கவைத்திருக்கிறோம்.