பயிற்சிக்கு ஆயா அம்மாவையும் கூப்பிடுங்கள்

பள்ளிகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “இந்தப் பையனை ஒரு இடத்துல உட்கார வைக்க என்ன செய்யணும், மேடம்?” நான் பேச்சு, மொழிப் பயிற்சி கொடுக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச் சிதறல், அதீதத் துறுதுறுப்பு) போன்ற நரம்பியல் மாறுபாடுள்ள குழந்தைகளோடும் அவர்கள் படிக்கும் பள்ளிகளோடும்தான் என் வேலை நேரத்தின் பெரும்பகுதி போகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: “அவனுக்கு எழுந்து வெளியே போகணும்னா, அதை உங்ககிட்ட எப்படிச் சொல்வான்?” பல பள்ளிகளில் இதற்குப் பதில் இருக்காது. அப்படியானால் அவன் எழுந்து ஓடத்தான் செய்வான். வேறு வழி எதையும் நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை.

பேச்சையும் நடத்தையையும் பள்ளிகள் தனித்தனி இலாகாவாக வைத்திருக்கின்றன. பேச்சு வரவில்லையா, அதைத் தெரபிஸ்ட் பார்த்துக்கொள்வார். கத்துகிறானா, கடிக்கிறானா, அது ஒழுக்கப் பிரச்சினை, ஹெச்.எம். அறைக்கு அனுப்பு. ஆனால் வகுப்பில் இரண்டும் பின்னிக்கொண்டுதான் வருகின்றன. ‘போதும்’ என்று சொல்ல வழியில்லாத குழந்தை, தாங்குகிற மட்டும் தாங்கிவிட்டு உடைந்து போகிறது. உடைந்து போகும் நேரத்தில், இருக்கிற கொஞ்சநஞ்ச வார்த்தையும் வராது. நன்றாகப் பேசும் பிள்ளைகளுக்கும் இது நடக்கும். காலையில் டைனோசரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிய பெண், மதியச் சாப்பாட்டு நேரத்து இரைச்சலில் ‘பாத்ரூம் போகணும்’ என்று கேட்க முடியாமல் நின்ற இடத்திலேயே உடையை நனைத்துவிடுவாள். “காலையில அவ்வளவு பேசினாளே, வேணும்னேதான் பண்றா” என்று ஆசிரியருக்குத் தோன்றும். பேசும் திறன் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது என்பதைத்தான் ஆசிரியர்களுக்கு நடத்தும் எந்தப் பயிற்சியிலும் நான் முதலில் சொல்வேன்.

சொல்வதைவிடச் செய்து பார்த்தால் சீக்கிரம் புரிகிறது. பயிற்சியில் ஆசிரியர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவரிடம், பேச்சு வராத பிள்ளைகள் தொட்டுக் காட்டிப் பேசுவதற்கான படப் பலகை ஒன்றைக் கொடுப்பேன். வாயைத் திறக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது, எழுதவும் கூடாது. சீட்டில் உள்ள செய்தியை எதிரில் இருப்பவருக்குப் புரியவைக்க வேண்டும். ஒரு கணக்கு டீச்சருக்கு வந்த சீட்டில் ‘ஃபேன் சத்தத்தில் தலை வலிக்கிறது, இடம் மாறி உட்காரட்டுமா?’ என்று இருந்தது. அவர் கையில் இருந்தது பல பள்ளிகளின் சுவரில் தொங்கும் அதே மாதிரிப் பலகை: தண்ணீர், சாப்பாடு, பிஸ்கட், பாத்ரூம், பந்து, அம்மா. தேடிப் பார்த்துவிட்டு பாத்ரூம் படத்தைத் தொட்டார். “போயிட்டு வாங்க” என்றார் எதிரில் இருந்தவர். மறுபடியும் தொட்டார். “அதான் போகச் சொல்லிட்டேனே, போங்க.” மூன்றாவது தடவை பலகையை மேஜையில் தட்டிவிட்டு எழுந்தே விட்டார். அப்புறம் அவரே அதைக் கையில் எடுத்து, “இதுல ‘வேண்டாம்’ எங்க இருக்கு?” என்று கேட்டார்.

நாம் செய்து வைத்திருக்கும் பலகைகளில் பெரும்பாலானவை, குழந்தை நம்மிடம் பொருள் கேட்பதற்கு மட்டும்தான் உதவும். அதில் மறுக்க முடியாது, வலிக்கிறது என்று சொல்ல முடியாது, ‘அங்க பாரு’ என்று ஒரு அணிலைக் காட்டி மகிழ முடியாது. வேண்டாம், நிறுத்து, போதும், இன்னும், உதவி, வலிக்குது, சத்தம், பயமா இருக்கு, பாரு, பிடிச்சிருக்கு ஆகியவை முதல் நாளிலேயே பலகையில் இருக்க வேண்டும். ‘வேண்டாம்’ படத்தைக் குழந்தை தொட்டால் அதற்கு மதிப்பும் கிடைக்க வேண்டும். “வேண்டாமா, சரி, ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பார்க்கலாம்” என்றால்கூடப் போதும். தொட்டும் பயனில்லை என்று தெரிந்துவிட்டால் குழந்தை அந்தப் பலகைப் பக்கமே திரும்பாது. தவிர, ஆசிரியரும் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். எந்தக் குழந்தையும் முதல் வார்த்தையைச் சொல்வதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருஷம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிறது. படத்தால் பேசப் போகும் குழந்தைக்கோ, படத்தால் பேசும் ஒரு பெரியவரைக்கூடப் பார்க்கக் கிடைப்பதில்லை.

“படத்தைக் காட்டிப் பழக்கிட்டா அப்புறம் வாய்ப்பேச்சே வராமப் போயிடாதா?” என்ற பயம் பெற்றோரிடமும் இருக்கிறது, ஆசிரியர்களிடமும் இருக்கிறது. ஆராய்ச்சிகள் இதை ஆதரிக்கவில்லை. 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. பட அட்டையோ, படங்களைத் தொட்டுப் பேச உதவும், சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலியோ, எது கைக்கு வருமோ அதை இன்றே தொடங்கலாம். பேச்சு வருமா வராதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்கும் வருஷங்களில் குழந்தை மொழியே இல்லாமல் இருக்கிறது.

பலகையைத் தமிழில்தான் செய்யச் சொல்கிறேன், ஆங்கில வழிப் பள்ளியாக இருந்தாலும். “வீட்டிலும் இங்கிலீஷ்லயே பேசுங்க, ரெண்டு மொழின்னா குழம்பிடுவான்” என்று பெற்றோருக்கு இன்னும் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் எங்கள் துறையைச் சேர்ந்தவர்களே. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மொழி வளர்ச்சி கூடுதலாகத் தாமதமாகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியோடும் தாத்தாவோடும் பேச இருந்த மொழி பறிபோவதுதான் மிச்சம்.

அடுத்தது, காத்திருப்பது. பயிற்சியில் இதைத்தான் ஆசிரியர்கள் மிகவும் கஷ்டப்பட்டுக் கற்கிறார்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்டபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். அது எல்லாப் பிள்ளைகளுக்குமான கணக்கு. கேட்டதைப் பிரித்து அறிந்து, உடலை அடக்கி, வார்த்தையைத் தேடி எடுக்க வேண்டிய குழந்தைக்கு 10 விநாடியாவது கொடுங்கள் என்கிறேன். நாம் என்ன செய்கிறோம்? “பேர் என்ன? பேர் சொல்லு. உன் பேர் என்னப்பா? இங்க பாரு, என் கண்ணைப் பார்த்துச் சொல்லு.” ஒவ்வொரு முறை கேள்வியை மாற்றும்போதும் அந்தக் குழந்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கண்ணைப் பார்க்கச் சொல்வதையும் விட்டுவிடலாம். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது புரிவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும்.

சொன்னதையே திரும்பச் சொல்வது, எங்கோ கேட்டதை வேறெங்கோ சொல்வது, இதை எக்கோலேலியா என்பார்கள். மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இது இருக்கிறது. வெகுகாலம் அர்த்தமில்லாத பிதற்றல் என்று இதை அடக்கப் பார்த்தார்கள். 1980களில் பாரி பிரிஸான்ட் போன்ற ஆய்வாளர்கள், இதில் பெரும்பகுதிக்கு நோக்கம் உண்டு என்று காட்டினார்கள்.

நான் போய்வந்த ஒரு பள்ளியில் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “முன்னாடி போங்க, முன்னாடி போங்க, படியில நிக்காதீங்க” என்று கண்டக்டர் குரலில் சத்தம் போடுவான். பிள்ளைகள் சிரிப்பார்கள், டீச்சர் அதட்டுவார். சில நாள்களில் அதைத் தொடர்ந்து பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிடுவான். தள்ளியதற்காக டைரியில் எழுதி அனுப்பியும் பார்த்தார்கள். முடிச்சை அவிழ்த்தவர் அங்கிருந்த ஆயா அம்மா. “வரிசையில நிக்கும்போதுதாம்மா அப்படிச் சொல்றான். பின்னாடி பிள்ளைங்க ஒட்டி நின்னாங்கன்னா. கிளாஸ்ல உட்கார்ந்திருக்கும்போது சொல்ல மாட்டான்” என்றார். பையனின் அம்மாவிடம் கேட்டபோது, நெரிசலான பஸ்ஸில் மாட்டிக்கொண்டு அவன் அலறிய ஒரு நாளைப் பற்றிச் சொன்னார். நெரிசலுக்கு அவனிடம் இருந்த சொல் அதுதான். அடுத்த வாரத்திலிருந்து வரிசையின் கடைசியில் அவனை நிற்க வைத்தார்கள். அந்த வசனம் கேட்டால், “கூட்டமா இருக்கு, தள்ளி நிக்கணும்” என்று யாராவது அவனுக்காகச் சொல்லிவிட்டு இடம் விடுவார்கள். தள்ளுவது குறைந்தது. கொஞ்ச மாதத்தில் “தள்ளி நிக்கணும்” என்று அவனே சொல்லத் தொடங்கினான்.

அந்த ஆயா அம்மாவை அதுவரை எந்தப் பயிற்சிக்கும் யாரும் அழைத்ததில்லை.

குழந்தை உடைந்து போகும் இடங்களைப் பாருங்கள்: வேன், கேட், அசெம்பிளி, வராந்தா, கழிப்பறை, சாப்பாட்டு நேரம், பி.டி. பீரியட். பி.எட். முடித்த ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் இடங்கள் இவற்றில் குறைவு. வேன் ஓட்டும் அண்ணன், வாட்ச்மேன், ஆயா அம்மா, சத்துணவு அக்கா, பி.டி. சார், இவர்கள்தான் இருப்பார்கள். சட்டமும் ஆசிரியரை மட்டும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 17ஆம் பிரிவு, ஒருங்கிணைந்த கல்விக்கு உதவப் பணியாளர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்கிறது. பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் உள்ள தொடர்புமுறைகளை ஊக்குவிக்கவும் அதே பிரிவு சொல்கிறது. இதை ஹெச்.எம். ஒருவரிடம் காட்டியபோதுதான் அவர் வேன் டிரைவர்களுக்கும் நாற்காலி போடச் சொன்னார்.

உணர்வுகளை நிதானப்படுத்துவது பற்றி அவர்களிடம் பேசும்போது புலன்களிலிருந்து தொடங்குவேன். சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுகை ஆகியவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதை, 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகவே சேர்த்தது. மின்சார மணி, கீச்சிடும் அசெம்பிளி மைக், கழுவிவிட்ட கழிப்பறையின் பினாயில் வாடை, டை, பெல்ட், சாக்ஸ் தையல், சிமெண்ட் தரையில் விழும் எவர்சில்வர் டப்பா என்று ஒரு பள்ளி நாளில் எவ்வளவோ இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து நம்மை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் எப்படியிருக்குமோ, சில பிள்ளைகளுக்குச் சாதாரண நாளே அப்படி இருக்கிறது. இதில் பாதியைச் செலவில்லாமல் குறைக்கலாம். மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன் சொல்லிவிடலாம். சாப்பிட ஐந்து நிமிடம் முன்னதாக அனுப்பலாம். ஆண்டு விழா ஒத்திகையில் ஸ்பீக்கரிலிருந்து தூரமாக நிற்க வைக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, முனகுவது எல்லாம் பெரும்பாலும் அந்தக் குழந்தை தன்னைத்தானே சமாளித்துக்கொள்ளும் வழிகள். யாருக்கும் அடிபடாதவரை அவற்றை நிறுத்தாதீர்கள்.

அடம் பிடிக்கும் குழந்தை, கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். மெல்ட்டவுனில், அதாவது தாங்க முடியாமல் உடைந்து போன நிலையில், இருக்கும் குழந்தையால் கேட்டதைக் கையில் கொடுத்தாலும் நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் பெரியவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் பழகாமல் வராது. ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள். மற்றப் பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள். குரலைத் தாழ்த்துங்கள், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேசாதீர்கள். கேள்வி கேட்காதீர்கள். முடிந்த கையோடு ‘ஸாரி சொல்லு’ என்று நிற்காதீர்கள், உடல் அடங்க இன்னும் நேரமாகும். நம் மூச்சு முதலில் நிதானமானால்தான் அவர்களுடையதும் ஆகும். ‘அமைதி மூலை’ என்று சொல்லி ஸ்டோர் ரூமில் பூட்டி வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். அது தண்டனைதான். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடை செய்திருக்கிறது.

மெல்ட்டவுனுக்கு முன்பே அறிகுறிகள் வந்துவிடும். ஒரு பிள்ளை சட்டைக் காலரைக் கடிக்கும், அப்புறம் காதைப் பொத்தும், அப்புறம் பெஞ்சுக்கடியில் போகும். காலரைக் கடிக்கும்போதே ‘வெளியே போகலாமா’ படத்தை நீட்டிவிட்டால் பெஞ்சுக்கடிவரை போக வேண்டியதில்லை. ‘கத்தாமல் இருந்தால் ஸ்டார்’ என்று அட்டவணை ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. முடியாத ஒன்றைச் செய்யாததற்காகக் குழந்தை தினமும் தோற்கிறது, அதுவும் வகுப்பே பார்க்க.

ஆசிரியர்களின் பாரம் தெரியாமல் இதைச் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவருக்காகப் பத்து விநாடி காத்திருப்பது லேசல்ல. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருந்தும், பல பள்ளிகளில் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் ஒரு நாள் பிபிடி, டீ, சான்றிதழ் என்று முடியும் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அரை நாள் பேசிவிட்டு, அடுத்த சில வாரங்கள் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, “இப்ப காத்திருங்க”, “இப்ப அந்தப் படத்தைத் தொட்டுச் சொல்லுங்க” என்று கூடவே இருந்தால்தான் கைக்கு வருகிறது. பள்ளிகள் பயிற்சியாளரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேலை. ஜூன் மாதம் வகுப்பு மாறும்போது, போன வருஷத்து ஆசிரியர் கற்றதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. ஏப்ரலிலேயே அவரோடும் ஆயா அம்மாவோடும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். எதைக் கண்டால் கலங்குவாள், கலங்குவதற்கு முன் என்ன செய்வாள், எது அவளை ஆற்றும், எதைச் செய்யவே கூடாது, அவள் சொல்லும் எந்த வசனத்துக்கு என்ன அர்த்தம், பாத்ரூம் எப்படிக் கேட்பாள். அவளுக்கு எதில் ஆசை என்பதை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். ஒரு பிரதி புது ஆசிரியருக்கு, ஒன்று ஹெச்.எம்.முக்கு, ஒன்று வேன் ஓட்டும் அண்ணனுக்கு.