ரோமாபுரியின் வெள்ளிக் காசும் தோட்டத்து ஆயிரம் ரூபாயும்

பல வருடம் கேட்டுக் கேட்டு, 2021 மார்ச்சில் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு நாட்கூலி 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அடுத்த வருடம் அது 360ஐத் தொட்டது. கூலி அதே ஆயிரம். கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி) போடுவதும் மாறவில்லை. மாறியது, அந்த ஆயிரத்துக்குக் கடையில் கிடைத்த கோதுமை மாவின் அளவுதான். யாரும் கூலியில் கை வைக்கவில்லை, ஆனாலும் கூலி குறைந்துபோனது. எப்படி?

இதை ரோமப் பேரரசில் பார்ப்பது சுலபம், ஏனென்றால் அங்கே பணத்தை உருக்கிப் பார்க்கலாம். அகஸ்டஸ் காலத்துத் தெனாரியஸ் காசில் 95 சதவீதத்துக்கு மேல் வெள்ளி. கி.பி. 64 வாக்கில் நீரோ எடையையும் வெள்ளியையும் கொஞ்சம் குறைத்தார். செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் பாதியளவுதான் வெள்ளி. 270 வாக்கில் புழங்கிய காசில் 5 சதவீதம்கூடத் தேறாது. செம்புக்கு மேலே வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான்.

பழைய நூறு காசை உருக்கிச் செம்பைக் கலந்து இருநூறு அடித்தால், மிச்ச நூறு அரசனுக்கு இலாபம். சந்தை இன்னும் விழித்துக்கொள்ளவில்லை, விலை பழைய விலைதான். அந்த நேரத்தில் புதுக்காசை முதலில் செலவழிப்பவனுக்கு முழு மதிப்பும் கிடைக்கும். ரோமில் அது பெரும்பாலும் படைவீரன் சம்பளம். காசு கைமாறக் கைமாற விலை ஏறும். கடைசியில் அதைத் தொடுகிற கூலிக்காரனுக்கு ஏறின விலை மட்டும் மிஞ்சும். பழைய நல்ல காசை வைத்திருந்தவர்கள் மண்ணில் புதைத்தார்கள். போகப்போக அரசே தன் காசை நம்பாமல், படைக்கு வேண்டியதைத் தானியமாக வசூலித்துக் கொடுத்தது. அரிசி கொடுத்துவிட்டுக் கூலியில் கழித்த தோட்டத்துக் கதைகளைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இலங்கையில் உருக்க எதுவும் இல்லை. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. வருமானத்தில் ஓட்டை விழுந்ததும் அரசு திறைசேரி உண்டியல்களை, அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களை, வெளியிட்டது, மத்திய வங்கி அவற்றை வாங்கி அரசின் கணக்கில் புதுப்பணத்தை எழுதியது. செம்பு கலக்கும் வேலையைக் கணினி செய்தது.

விலை ஏறியதும் இரண்டு அரசுகளும் செய்தது ஒன்றே. 301இல் ரோமப் பேரரசர் டயோக்கிளிஷியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கும் வேலைகளுக்கும் உச்ச விலை குறித்துக் கல்லில் வெட்டினார், மீறினால் மரணம் என்றார். சரக்கு சந்தையிலிருந்து மறைந்தது. 2021 செப்டெம்பரில் இங்கே அரிசிக்கு உச்ச விலை வந்தது, அந்த மாதம் முடிவதற்குள் கைவிடப்பட்டது.

ஆனால் ஒப்புமையை ரொம்ப இழுக்கக்கூடாது. ரோம் வெளிநாட்டுக் கடனில் தவணை தவறவில்லை. நமக்கு டொலர் தீர்ந்தது பாதிக் கதை: 2022 ஏப்ரலில் கடன் கட்டுவதை நிறுத்தினோம், எரிபொருளும் மருந்தும் வெளியிலிருந்து வரவேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம், உணவில் 95 சதவீதம்.

ரோமில் பின்னால் வந்த பேரரசர் கொன்ஸ்டன்டைன் கொண்டுவந்த தங்கக் காசு பல நூற்றாண்டு தரம் குறையாமல் நின்றது. ஆனால் சாதாரண ஆளின் கையில் புழங்கியது செப்புச் சில்லறை, அது தொடர்ந்து மதிப்பிழந்தது. இங்கேயும் 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசுக்குப் பணம் அச்சடித்துக் கொடுப்பதைத் தடுத்தது. அந்த வருட நடுவிலேயே பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. பணவீக்கம் இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. ஏறுகிற வேகம் குறைந்தது, அவ்வளவுதான். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1350 ஆனபோது, 2021 மார்ச்சோடு பார்த்தால் விலைகள் ஏறக்குறைய இருமடங்கில் நின்றன.