புரொப்பலர்: உந்தியா, விசிறியா, திருகா?

திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் போட் ஏதாவது ஒன்றின் பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். வெளியே மாட்டியிருக்கும் அவுட்போட் எஞ்சினின் கால் முனையில், மூன்று செட்டையோடு ஒரு அலுமினியத் துண்டு இருக்கும். எங்கள் பக்கம் கோழிக்கும் செட்டை, மீனுக்கும் செட்டை, இதற்கும் செட்டைதான். அதன் குடத்தில், அதாவது செட்டைகள் பிடித்திருக்கும் நடுப்பாகத்தில், 9¼ × 10 என்பது போல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். உப்புப் பிடித்திருந்தால் நகத்தால் சுரண்டித்தான் வாசிக்க வேண்டும். கடையில் 'புரொப்பலர்' என்றால் போதும், எடுத்து மேசையில் வைப்பார்கள். எந்தப் புரொப்பலர் என்று அவர்கள் திருப்பிக் கேட்கும்போதுதான் சிக்கல்.

சொல்லின் வேர் லத்தீன். 'புரோ' என்றால் முன்னே, 'பெல்லரே' என்றால் தள்ளுதல். முன்னே தள்ளுவது எதுவாக இருந்தாலும் புரொப்பலர்தான். அந்த வகையில் பார்த்தால் துடுப்பும் ஒரு புரொப்பலர்! நம் கையில் இருக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் முழுப்பெயர் 'ஸ்குரூ புரொப்பலர்'. பேச்சில் முன்பாதி உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த பாதிதான் முக்கியமானது என்பது என் கட்சி.

1836இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், ஜோன் எரிக்சன் என்ற இருவர் தனித்தனியே இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை எடுத்தார்கள். ஸ்மித்தின் முதல் மாதிரி நிசமாகவே ஒரு மரத்திருகு, இரண்டு முழுச் சுற்று நீளம். கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது அதில் பாதி முறிந்து போனது. படகு நிற்கும் என்று பார்த்தால், முன்னைவிட வேகமாக ஓடியது. திருகைக் கட்டையாக வெட்டிக்கொண்டே வந்ததில்தான் இன்றைய செட்டை மிஞ்சியது. ஆகவே ஒவ்வொரு செட்டையும் ஒரு திருகுப் புரியின் சிறு துண்டு.

தமிழுக்கு வருவோம். உந்தி, செலுத்தி என்று இரண்டு சொற்கள் எழுத்தில் புழங்குகின்றன. செலுத்தி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மாலுமியும் செலுத்துபவர்தானே. உந்தி நல்ல சொல். உந்துருளி என்று மோட்டார் சைக்கிளுக்குச் சொல்லிப் பழகிய காது நமக்கு, அதே 'உந்து'தான் இது. (பஸ்ஸைப் 'பேரூந்து' என்று ஊகாரம் நீட்டி எழுதுகிறோமே, அங்கேயும் இருப்பது குறில் உகரம் போட்ட 'உந்து'தான்.) உந்திக்குக் கொப்பூழ் என்றும் நீர்ச்சுழி என்றும் பழைய பொருள்கள் உண்டு. ஓடுகிற போட்டின் பின்னால் நுரைத்துச் சுழலும் தண்ணீரைப் பார்த்தவர்கள் இந்தப் பொருத்தத்தை ரசிப்பார்கள்.

விசிறி என்று சொல்வதுதான் ஆளைக் கவிழ்க்கும். விசிறி என்றதும் மனம் அகலத்தைப் பார்க்கும், பெரிய விசிறி நல்ல விசிறி என்று. 9¼ × 10இல் முதல் எண் அகலம்தான், செட்டை சுற்றும் வட்டத்தின் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது எண்ணை விசிறியை வைத்து விளங்கிக்கொள்ளவே முடியாது. திருகை வைத்தால் உடனே விளங்கும். மரத்தில் ஸ்குரூ ஆணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறதோ, அது அதன் புரியிடைத் தூரம். தண்ணீர் கட்டியான பொருளாக இருந்தால், பத்தாம் எண் உந்தி ஒரு சுற்றில் 10 அங்குலம் முன்னே போகும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியரில் அது ஏறக்குறையப் பாதியாகி 2500 என்று வையுங்கள். 2500 தரம் 10 அங்குலம் என்றால் நிமிடத்துக்கு 635 மீட்டர், மணிக்கு 38 கிலோமீட்டர். தண்ணீர் வழுக்குவதால் அவ்வளவு கிடைக்காது. சுமை ஏற ஏற வழுக்கலும் ஏறும்.

என் மாமா இந்த இரண்டாவது எண்ணில்தான் வழுக்கினார். 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின், அதில் இருந்தது 10. பெரிய எண் கூடத் தூரம் தள்ளும் என்று கேள்விப்பட்டு 12 வாங்கிப் போட்டார். மூன்று பேர், வலை, ஐஸ் பெட்டியோடு குச்சவெளிப் பக்கம் கிளம்பினால், போட் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழுகிறது. வேகம் கூட்டும் பிடியான திரொட்டிலை முழுக்கத் திருகியும் எஞ்சின் முக்குகிறது, பின்னால் கரும்புகை. இரண்டு நாளில் ஸ்பார்க் பிளக் கரி பிடித்து எஞ்சின் நின்றது. மெக்கானிக் பெட்டியைத் திறக்கவே இல்லை, குடத்தைத் தடவி எண்ணை மட்டும் பார்த்தார். "அண்ணன், நீங்க டொப் கியர்ல மலை ஏறப் பாக்கிறீங்க. 9 போடுங்க."

முழுத் திரொட்டிலில் எத்தனை சுற்று வர வேண்டும் என்று எஞ்சினின் கைநூலிலேயே இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு 4500இலிருந்து 5500 வரை. வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஓட்டும்போது அந்த எல்லையின் மேற்பாதிக்குள் நின்றால் உந்தி சரி. எட்டவில்லையா, புரியிடையைக் குறைக்க வேண்டும். தாண்டுகிறதா, கூட்ட வேண்டும். ஒரு அங்குலம் மாற்றினால் சுமார் 150இலிருந்து 200 சுற்று ஏறும், இறங்கும். பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்ன மீட்டர் ஒன்று இருந்தால் இதை ஒரு காலையிலேயே பார்த்து முடிக்கலாம். காதை மட்டும் நம்பினால் மாமாவின் கதைதான்.

அதனால் பொது எழுத்துக்கு உந்தி போதும். வாங்கவும் பழுதுபார்க்கவும் எழுதும்போது நான் 'உந்துதிருகு' என்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் இரண்டாவது எண் எதற்கு என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

மாமாவின் எஞ்சினில் இப்போது 9. மீன் படாமல் வெறும் போட்டாகத் திரும்பும் நாளில் எஞ்சின் எல்லை தாண்டிக் கத்துகிறது. அப்போது திரொட்டிலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறார். அந்த 12 வீட்டுக் கோடியில் சாய்ந்து கிடக்கிறது, வாங்க ஆள் தேடுகிறார்.