எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் ஜாதகம் இல்லைங்க

போன வாரம் சாயங்காலம் ரிப்போர்ட் ரூம் கதவைத் தட்டிட்டு ஒருத்தர் உள்ள வந்தாரு. கைல ஒரு மஞ்சப்பை, அதுல மூணு ஸ்கேன் கவர். "சார், நீங்கதான் எழுதுனீங்களாமே, புள்ளைக்கு மூளை சுருங்கிடுச்சுன்னு. அப்ப இனிமே அந்த ஊசிக்கு செலவு பண்ணி பிரயோஜனம் இல்லைங்களா? சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு கூட்டிட்டு போயிடுன்னு சொல்றாங்க"ன்னாரு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. நான் எழுதுனது ஒரே ஒரு வரி, "லேசான அட்ராபி". அத யாரோ போன்ல தேடிப் பாத்து, சுருக்கம்னா தேறாதுன்னு தீர்ப்பே எழுதிட்டாங்க.

இது இந்த வருஷம் நாலாவது தடவை, அதான் எழுத உக்காந்துட்டேன். (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலதை மாத்தியிருக்கேன்.)

பொண்ணுக்கு 19 வயசு, என்.எம்.டி.ஏ. ரிசெப்டார் என்செபலைட்டிஸ். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளைய போட்டு அடிக்கிற வியாதி. 2007ல டால்மாங்கிற நரம்பியல் டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் அடையாளம் கண்டு சொன்னது, அதுக்கு முன்னாடி இந்த மாதிரி எத்தனை புள்ளைங்க மனநல வார்டுலயும் கோயில் மண்டபத்துலயும் கிடந்தாங்களோ.

இந்தப் பொண்ணுக்கும் அதே கதைதான். முதல்ல தலைவலி, லேசா காய்ச்சல், அப்புறம் தூக்கமே இல்ல, சம்பந்தமில்லாத பேச்சு, ஒரு வாரத்துல பேச்சே நின்னு போச்சு. வேற ஒரு இடத்துல ஸ்கேன் எடுத்தாங்க, நார்மல். உடனே வீட்ல "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, அப்ப மனசுலதான் ஏதோ"ன்னு முடிவு பண்ணி மூணு வாரம் போச்சு. அந்த முதல் ஸ்கேன் சீட்டை நான் பாத்தேன், டெக்னீசியன் கைப்பட எழுதியிருக்காரு: "பேஷண்ட் நாட் கோஆப்பரேட்டிவ், வாயை மென்னுக்கிட்டே இருக்காங்க, படம் ஆடுது." அந்த மெல்லுறதுதாங்க வியாதி! வாயும் நாக்கும் தன்னால அசையுறது இதோட முக்கியமான அறிகுறி. படத்துல இல்லாதது அந்த சீட்டுல இருந்துச்சு, யாரும் படிக்கல. எங்க ஆளுங்களையும் சேத்துதான் சொல்றேன்.

இத எத்தனை தடவை சொன்னாலும் யாருக்கும் ஏற மாட்டேங்குது, திரும்பவும் சொல்றேன். எம்.ஆர்.ஐ. காட்டுறது வீக்கம், நீர்க்கோப்பு, கட்டி, தழும்பு, உருவம். மூளை வேலை செய்யுதாங்கிறத அது காட்டாது. பட்டப்பகல்ல வீட்டை வெளிய நின்னு போட்டோ எடுத்துட்டு உள்ள கரண்ட் இருக்கான்னு என்கிட்ட கேட்டா நான் என்னத்த சொல்றது? சுவர் இடியலன்னு சொல்லலாம், அவ்வளவுதான். 2013ல வந்த பெரிய ஆய்வுல இந்த வியாதி வந்த 577 பேரை பாத்தாங்க, அதுல எம்.ஆர்.ஐ.ல ஏதாவது தெரிஞ்சது மூணுல ஒருத்தருக்குத்தான். மீதி ரெண்டு பேருக்கு நார்மல், ஆனா அவங்கள்லயும் வென்டிலேட்டர் வரைக்கும் போறவங்க உண்டு. அந்த ஆய்வுல பெரும்பாலானவங்களுக்கு இ.இ.ஜி.ல (மூளையோட மின் அலைய பதியுற டெஸ்ட்) மாறுதல் இருந்துச்சு, அது விலையும் கம்மி, ஆனா யாரும் கேட்டு வாங்குறதில்ல, ஸ்கேன்தான் பெரிய டெஸ்ட்டுன்னு ஒரு நெனப்பு.

அதே ஆய்வுலதான் இன்னொரு கணக்கும் இருக்கு: ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்ததுல 81 சதவீதம் பேர் தன் வேலைய தானே பாத்துக்கிற அளவுக்கு வந்துட்டாங்க. ரெண்டு மாசம் இல்ல, ரெண்டு வருஷம். மூணாவது மாசம் எடுத்த ஸ்கேனை வெச்சுக்கிட்டு தீர்ப்பு சொல்றவங்க இத ஒரு தடவை படிக்கட்டும்.

சரி, அந்த அட்ராபிக்கு வரேன். மூளை பொதுவா சுருங்கினாப்ல தெரியுறது இந்த வியாதில திரும்பி வரக்கூடியது, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா பழைய அளவுக்கு வந்ததை பாத்து எழுதியிருக்காங்க. அதுவும் போக ஸ்டீராய்டு நிறைய போட்டாலே மூளை கொஞ்சம் சுருங்கினாப்ல காட்டும். எங்களுக்கு நிஜமா வயித்தக் கலக்குறது சிறுமூளை மட்டும் வரவர சுருங்கிட்டே போறதுதான், 2016ல ஜப்பான்ல 15 பேரை பாத்து அப்படித்தான் சொன்னாங்க, சின்ன ஆய்வுதான், ஆனா அதுக்கப்புறம் நான் சிறுமூளைய தனியா பாக்காம ரிப்போர்ட் முடிக்கிறதில்ல.

அப்ப ஸ்கேன் எதுக்குமே ஆகாதான்னு கேக்காதீங்க. இந்த மாதிரி வியாதில மூளைய அடிக்கிற ஆன்டிபாடி (எதிர்ப்பு சக்தி உண்டாக்குற புரதம்) பல வகை, அது எதுங்கிறத பொறுத்து கதை மாறும். எல்.ஜி.ஐ.1 வகை பெரும்பாலும் 50, 60 தாண்டினவங்களுக்கு வரும். கை சுண்டி டம்ளர் கீழ விழும், கூடவே முகம் ஒரு பக்கம் இழுக்கும், எல்லாம் ரெண்டு மூணு செகண்டுதான், ஆனா ஒரு நாளைக்கு அத்தனை தடவை. ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருக்கும். அவங்களுக்கு ஸ்கேன்ல ஹிப்போகேம்பஸ் (மூளைல ஞாபகத்துக்கான பகுதி) வெள்ளையா தெரிஞ்சு பின்னாடி சுருங்கிப் போச்சுன்னா ஞாபக மறதி கொஞ்சம் நிக்கத்தான் செய்யும், அத நாங்க முன்கூட்டியே சொல்ல முடியும். என்.எம்.டி.ஏ.க்கு 2019ல நியோஸ்னு ஒரு ஸ்கோர் வந்துச்சு, அஞ்சு கேள்வி: ஐ.சி.யூ. போனாங்களா, சிகிச்சை ஆரம்பிக்க நாலு வாரத்துக்கு மேல ஆச்சா, ஆரம்பிச்சு நாலு வாரத்துல முன்னேற்றம் இல்லையா, எம்.ஆர்.ஐ.ல மாறுதல் இருக்கா, முதுகுத்தண்டு நீர்ல வெள்ளணு 20க்கு மேலயா. ஒவ்வொரு ஆமாவுக்கும் ஒரு மார்க், மொத்தம் ஒண்ணுக்குள்ள இருந்தா ஒரு வருஷம் முடியுறப்ப மோசமா இருக்க வாய்ப்பு 3 சதவீதம், நாலஞ்சுன்னா 69. அஞ்சுல ஒரே ஒரு மார்க்குதாங்க என் ஸ்கேனுக்கு! அந்த அஞ்சுல உங்க கைல இருக்கிறது ரெண்டாவது கேள்விதான்.

அதனால, சின்ன வயசுல திடீர்னு புத்தி மாறுச்சு, கூடவே ஃபிட்ஸ், காய்ச்சல், பேச்சு குறையுறது, வாய் அசைவு ஏதாவது ஒண்ணு இருந்துச்சுன்னா நரம்பியல் டாக்டர்கிட்ட அன்னைக்கே போங்க, அமாவாசை கழியட்டும்னு உக்காராதீங்க. முதுகுல நீர் எடுக்கணும்னா கையெழுத்து போடுங்க, அதுல கால் விளங்காம போயிடும்ங்கிறது சும்மா ஊர்ப்பேச்சு, ரத்தத்துல மட்டும் ஆன்டிபாடி தேடுனா நூத்துல 14 பேர் மாதிரி கண்ணுல படாம போயிடுறாங்க. பொம்பளப் புள்ளைன்னா சினைப்பைல கட்டி இருக்கான்னு பாக்க ஸ்கேன் சொல்லுவாங்க, "தலைக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்"னு சண்டை போடாதீங்க, அந்தக் கட்டிய எடுத்தாத்தான் தலை சரியாகும். டாக்டர்களுக்கும் ஒண்ணு, ஆன்டிபாடி ரிசல்ட் வர்ற வரைக்கும் ஸ்டீராய்டை நிறுத்தி வெக்காதீங்க.

அப்புறம் தயவு செஞ்சு ஃபிலிமை மட்டும் தூக்கிட்டு வராதீங்க, சிடிய கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. பழைய படத்தோட ஒப்பிடாம சுருங்குச்சா இல்லையான்னு என்னால மட்டும் இல்ல, யாராலயும் சொல்ல முடியாது.

அந்த அப்பாவோட மஞ்சப்பையில முதல் ஸ்கேன் சிடி அடியில கிடந்துச்சு. போட்டுப் பாத்தோம், சிறுமூளை அப்படியேதான் இருக்கு. ரிப்போர்ட்ல ஒரு வரி சேத்து கொடுத்தேன்: "இந்த மாறுதல் சரியாக வாய்ப்பு உண்டு, இதை வெச்சு சிகிச்சையை முடிவு செய்ய வேண்டாம்." அத அங்கேயே நின்னு ரெண்டு தடவை படிச்சுட்டு, ஊசி போட அடுத்த தேதி கேக்க மாடிக்கு போனாரு.